கடத்தலுக்கு ஒரு விலைப்பட்டியல்

போன் அலறியது!

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்து. கற்பிட்டி பஜாரில், பார்மசிக்கு மேல்மாடியில் இருந்த ‘கண்ணாடி வெப்’ அலுவலகத்தில் மர்ளியா ஒரு கையில் பால் இல்லாத பிளேன்டீயும் மறுகையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்தாள்.

போனில் கணவன் ஆகிபின் பெயர் மின்னியது.

"எங்க போயிட்டீங்க? பத்து மணிக்கு வாறதெண்டு சொல்லிட்டு... எத்தாளை ஹோட்டல்காரர் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார்!"

"உன் புருஷன் இப்ப பேச மாட்டான்!"

கரகரத்த குரல். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பேசுகிற குரல்.

பிளேன்டீ கவிழ்ந்தது.

"யாரு... யாரு நீங்க?"

"அவன் எங்க கையில இருக்கான். இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பணம் வரணும். போலீசுக்குப் போன... பொணத்தைத்தான் பார்ப்ப!"

சாயங்காலமாம்! கற்பிட்டியில் ஒருத்தருக்கும் சாயங்காலம் வருவதில்லை. பின்னேரம்தான் வரும். பேசியவன் சினிமா பார்த்துத் தொழில் பழகியவன் போலும். ஆனால் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் மர்ளியா இல்லை.

"அவரை ஒண்டும் செஞ்சிராதீங்க! எவ்வளவு வேணும்? சொல்லுங்க!"

"பன்னிரண்டு லட்சத்து... முப்பத்தெட்டாயிரத்து... நானூறு!"

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அழுதிருப்பாள். மயங்கியிருப்பாள். மர்ளியாவும் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவில் அவள் வாயில் இருந்து வந்தது வேறு.

"பிரிச்சு அனுப்புங்க."

"...என்னது?"

"மொத்தமாச் சொன்னா எனக்கு விளங்காது. எதுக்கு எவ்வளவு எண்டு பிரிச்சு அனுப்புங்க!"

அந்தப் பக்கத்தில் யாரோ யாரிடமோ குசுகுசுப்பது கேட்டது.

"டொக்!"

போன் செத்தது.

*

மர்ளியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருடப் பழக்கம்!

வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பனிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விலையைச் சொல்ல மாட்டார்கள். ‘விலை பேசித் தீர்மானிக்கப்படும்’ என்று போடுவார்கள். பேசவும் அவர்கள்தான், தீர்மானிக்கவும் அவர்கள்தான். பணம் கொடுக்க மட்டும் நாம்.

அந்த ஒரு வசனத்தைக் கண்டாலே மர்ளியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘கண்ணாடி வெப்’ பக்கத்தில் எல்லா விலையும் ஊர் பார்க்கத் திறந்து கிடந்தது. மென்பொருளுக்கு இவ்வளவு. வேலைக்கு மணித்தியாலம் இவ்வளவு. எங்களுக்கு இலாபம் இவ்வளவு. பஜிரோ ஜீப்பில் வருகிற ஹோட்டல் முதலாளிக்கும் சைக்கிளில் வருகிற கருவாட்டு வியாபாரிக்கும் ஒரே விலை. ‘இதர செலவு’ என்கிற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் தடை. ஒருமுறை ஆகிப் தவறுதலாக அதை எழுதிவிட்டு இரண்டு நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்டான்.

ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. விலை குறைத்துக் கேட்க முடியாத கடையில் என்ன சுகம்? பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இன்றைக்கு நாற்பத்து மூன்று வாடிக்கையாளர். நாற்பத்து மூன்று வெப்சைட்.

அப்படிப்பட்டவளிடம் போய் மொத்தத் தொகை கேட்டால்?

*

"கப்பம் கேட்டவனிட்ட... கணக்குக் கேட்டிங்களா?"

கற்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அருள்குமரன் கதிரையில் நிமிர்ந்தார். உடப்பு என்கிற மீனவ ஊர்க்காரர். முப்பது ரூபாய்க் கீரைக்கட்டையும் இருபத்தைந்துக்குக் கேட்கிற ஆள். மச்சானுடைய முன்னேஸ்வரம் லொட்ஜுக்கு வெப்சைட் செய்ய மர்ளியாவிடம் மூன்று தரம் விலை குறைத்துக் கேட்டுத் தோற்றவர்.

"வாயில வந்திரிச்சு சேர்..." மர்ளியா சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அதுக்காக அவரை ஏதும் செஞ்சிருவாங்களா?"

"பயப்படாதீங்க தங்கச்சி. கணக்குப் பாக்கிற வரைக்கும் கை வைக்க மாட்டான். சல்லி இருக்கா உங்களிட்ட?"

"புது ஒபிஸுக்கு எண்டு சேத்தது பேங்கில இரிக்கு. பதிமூணு லட்சம். குடுத்திருவன் சேர். ஒபிஸ் பொறகு கட்டலாம். அவர் வந்தாப் போதும்."

பேங்க் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"யாரிலயாவது சந்தேகம்?"

மர்ளியா மேசைப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஹமீட் நானா."

ஹமீட்! புத்தளத்தில் பெரிய வெப் கம்பனி. மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்து, வாடிக்கையாளர் எந்த வாகனத்தில் வந்து இறங்குகிறார் என்று கண்டபிறகுதான் விலையைச் சொல்லுவார். வேனுக்கு ஒரு விலை. த்ரீவீலருக்கு ஒரு விலை. நடந்து வந்தால் இன்னொரு நாளைக்கு வரச் சொல்லுவார்.

"போன மாசம் ஒரு கலியாண வீட்டில வெச்சு எல்லாருக்கும் முன்னால சொன்னார். அந்த விலைப் பக்கத்தை எடுக்காட்டி எங்க ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டன் எண்டு."

"அப்பிடியா சங்கதி!"

அருள்குமரன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹமீட்! ஆகிப் எங்க?"

"ஆகிபா? எனக்கென்ன தெரியும் சேர்?"

"அவனைக் கடத்தியிருக்கு. பன்னிரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு கேக்கிறாங்க."

"அல்லாவே!" ஹமீட் உண்மையாகவே பதறினார். பிறகு சட்டென்று கோபம் வந்தது. "நானெண்டா நினைச்சீங்க? சேர், நான் கடத்தியிருந்தா மொத்தமா அம்பது லட்சம் எண்டு கேட்டிருப்பன்! நானூறு ரூவாயா? எனக்கும் இந்த ஊரில ஒரு மரியாதை இரிக்கு!"

அப்போதுதான்...

"டிங்!"

மர்ளியாவின் போன். ஆகிபின் நம்பரில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு பிடிஎப்.

அருள்குமரன் அதை உரக்க வாசித்தார்.

"ஆளைத் தூக்குதல், ஒருமுறைக் கட்டணம்... ஏழு லட்சம். பாதுகாத்து வைத்திருத்தல்... ஐந்து லட்சம். படகு வாடகை... இருபத்தையாயிரம். மண்ணெண்ணெய், போக வர பதினாலு லீற்றர்... ரெண்டாயிரத்து ஐநூற்றுத் தொண்ணூறு."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"சாப்பாடு, இறால் சேர்க்காமல்... மூவாயிரத்து இருநூற்றைம்பது. நுளம்பு கடிக்காமல் இருக்க நுளம்புத் திரி... முந்நூற்றறுபது. கயிறும் முகமூடியும்... ரெண்டாயிரத்து இருநூறு. திருப்பிக் கொண்டுவந்து விடுதல்... ஐயாயிரம். உயிருடன் ஒப்படைத்தல்... இலவசம்!"

அருள்குமரன் போனைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"பாத்தீங்களா சேர்?" ஸ்பீக்கரில் ஹமீட் வெற்றிக் குரலில் கத்தினார். "நுளம்புத் திரியையும் எழுதியிருக்கிறான்! நான் இப்பிடிப் பிரிச்சு அனுப்புவனா? ஒருநாளும் இல்ல! நான் நிரபராதி!"

அருள்குமரன் லைனை வெட்டினார். இருபத்திரண்டு வருடச் சேவையில் இப்படியொரு சாட்சியத்தை அவர் கேட்டதில்லை. ஆனால் நம்பாமலும் இருக்க முடியவில்லை.

"தங்கச்சி... இறால் சேர்க்காமல் எண்டா?"

"அவருக்கு இறால் ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சிரும். வெளியில சொல்ல வெக்கம். கடல்கரையில பொறந்திட்டு இறால் தின்ன ஏலாது எண்டா சிரிப்பாங்களாம். கலியாண வீட்டில எல்லாம் வயிறு சரியில்ல எண்டுதான் சொல்லுவார்."

"அப்ப உயிரோட இருக்கிறார். பேசுற நிலையில இருக்கிறார். நல்ல செய்தி!"

மர்ளியா மறுபடி அழுதாள். இந்தத் தடவை கொஞ்சம் நிம்மதியாக.

கான்ஸ்டபிள் ஓடி வந்தான். ஆகிபின் மோட்டார் சைக்கிள் கடல்நீர் தேங்கிய களப்பின் கரையில், படகுகள் கட்டுகிற இடத்தில் நிற்கிறதாம். ஸ்டாண்ட் ஒழுங்காகப் போட்டு, பூட்டி, மேலே வெயில் படாமல் சாக்கும் போட்டு மூடியிருந்ததாம்.

"நல்ல பண்பான கடத்தல்காரன்!" என்றார் அருள்குமரன்.

*

அத்தாஉல்லா நாற்பது வருடமாகப் படகோட்டுகிறவர். களப்பில் எந்த இடத்துக்கு எத்தனை லீற்றர் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இப்போதும் கண்ணை மூடினார்.

"பதினாலு... போக ஏழு, வர ஏழு. பதினஞ்சு குதிரை இஞ்சின் எண்டா..."

"எண்டா?"

"அந்தத் தூரத்தில ஆள் பேர் இல்லாத வாடி ஒண்டே ஒண்டுதான் சேர். கடலட்டை பிடிக்கிறவங்க சீசனுக்குத் தங்குற கொட்டில். சீசன் முடிஞ்சு பூட்டிக் கிடக்கு."

"யாருட வாடி?"

"றிப்திட."

மர்ளியா திடுக்கிட்டாள்.

"றிப்தியா? அவர் என்ட புருஷன்ட சாச்சாட மகன், தம்பி முறையாச்சே!"

"அப்ப அவனையும் சேத்துக் கட்டிப் போட்டிருப்பாங்களோ!" அருள்குமரன் துவக்கை எடுத்து இடுப்பில் செருகினார். "கடத்தல்காரன் கணக்கு எழுதி எழுதியே இடத்தைக் காட்டிட்டான் பாருங்க. மொத்தமாக் கேட்டிருந்தா இந்த ஜென்மத்தில பிடிச்சிருக்க மாட்டம். போட்டை எடுங்க! வாடகை எவ்வளவு?"

"ஏழாயிரத்து ஐநூறு சேர்."

"நாலாயிரம்!"

"ஆளின்ட உயிர் போகுது சேர்!"

"சரி, ஐயாயிரம்."

படகு கிளம்பியது. களப்புத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அருள்குமரன் துவக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் குந்தியிருந்தார். மர்ளியா நடுப்பலகையில் உட்கார்ந்து, சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அவளுக்குப் பழக்கமான வேலை அது. ஒரு விலைப்பட்டியலைப் பார்த்தால் எழுதியவன் எதை எங்கே ஒளித்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பாள்.

முதலில் ஒரு விஷயம் உறுத்தியது. பட்டியலில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி இல்லை. உலகத்தில் எல்லாருடைய பட்டியலிலும் இருக்கிற வரி. எழுதியவன் யாருக்கோ பயந்து எழுதியிருக்கிறான்.

அடுத்தது மொத்தத் தொகை. கப்பம் கேட்கிறவன் பத்து லட்சம் கேட்பான். பதினைந்து கேட்பான். எவன் கடைசியில் நானூறு கேட்பான்? அந்தத் தொகை வேறெங்கோ இருந்து வந்த தொகை. அதற்கு ஏற்றபடி பட்டியலைப் பின்னால் தைத்திருக்கிறார்கள்.

போனில் கல்குலேட்டரைத் திறந்தாள். 12,38,400. எதனால் பிரிக்கலாம்?

அவளுக்குத் தெரிந்த ஒரே எண்ணால் பிரித்தாள். நாற்பத்து மூன்று.

28,800. மீதி இல்லை!

பன்னிரண்டு மாதத்தால் பிரித்தாள். 2,400. மீதி இல்லை! டொலர் முந்நூறு ரூபாய் என்று வைத்துப் பிரித்தாள்.

எட்டு டொலர்!

நாற்பத்து மூன்று வெப்சைட். பன்னிரண்டு மாதம். எட்டு டொலர்.

மர்ளியா போனை மடியில் வைத்தாள். நேரம் இரண்டு முப்பது. அவள் முகத்தில் இருந்த அழுகை எங்கோ போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததைப் பார்த்து அத்தாஉல்லா இஞ்சினின் வேகத்தைத் தானாகவே குறைத்தார்.

"சேர்."

"என்ன தங்கச்சி?"

"அந்தத் துவக்கை உள்ள வையுங்க. அவரைச் சுடுறதா இருந்தா... நான்தான் சுடணும்."

*

வாடியின் கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே இரண்டு பேர்!

ஒருவன் றிப்தி. கறுப்பு முகமூடியைத் தொப்பி மாதிரித் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மற்றவன் ஆகிப். கட்டப்படவில்லை. அடிபடவில்லை. மடியில் லப்டொப். பக்கத்தில் பிரிக்காத கயிறு. அதில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றப்படவில்லை.

"மர்... மர்ளியா?"

லப்டொப் சரிந்தது.

"மதினி, எனக்கு ஒண்டும் தெரியாது!" றிப்தி கையை உயர்த்தினான், கையில் ரொட்டியோடு. "ஆகிப் நானா சொல்லித்தான் கோல் எடுத்தன்! நீங்க பிரிச்சு அனுப்பச் சொன்னதும் எனக்கு விளங்கல்ல. அவர்தான் குந்தி இருந்து எழுதினவர்!"

"மொத்தத் தொகையிலயே நில்லுங்க, பிரிக்காதீங்க எண்டு இவன் சொன்னான்..." ஆகிப் முனகினான். "என்னால ஏலல்ல. நீங்க கேட்டதும் கை தானா எழுதுது."

மர்ளியா நடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"எட்டு டொலர் எதுக்கு?"

ஆகிப் தலை குனிந்தான்.

"புக்கிங் சொப்ட்வெயார். போன வருஷம் எடுத்தது. விளம்பரத்தில ‘மாசம் ஒம்பது டொலரில இருந்து’ எண்டு போட்டிருந்தாங்க. நான் ஒம்பதைப் பாத்தன். ‘இருந்து’ எண்டதைப் பாக்கல்ல."

"அதுக்குப் பொறகு?"

"சைட்டுக்குச் சைட் வேற கட்டணமாம். மாசம் எட்டு டொலர். கீழ பொடி எழுத்தில இருந்திச்சாம். வருஷம் முடிய மொத்தமாப் பில் அனுப்பினாங்க. இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள கட்டாட்டி நாப்பத்திமூணு சைட்டையும் மூடிருவாங்க."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க வெப்சைட்டில போட்டிருப்பீங்க! ‘ஆகிபின் மடத்தனம், பன்னிரண்டு லட்சம்’ எண்டு!"

"ஓம்! போட்டிருப்பன்!"

"அதுதான்! ஊருக்கெல்லாம் விலையைப் பாத்து வாங்குங்க எண்டு சொல்ற கம்பனி... பாக்காம வாங்கிட்டு நிக்கிது. எப்பிடி மர்ளியா முகத்தைக் காட்டுறது? நான் கடத்தப்பட்டா நீங்க ஒபிஸ் சல்லியைத் தருவீங்க, அனுதாபமும் கிடைக்கும் எண்டு..."

"பட்டியல்ல ஒரு வரி குறையுது."

"என்ன?"

"பதினொண்டு பத்தில இருந்து ரெண்டரை வரைக்கும்." மர்ளியா விரலை மடக்கி எண்ணினாள். "மூணு மணித்தியாலம் இருபது நிமிஷம் நான் விதவையா இருந்தன். நீங்க மவுத்தாப் போயிருப்பீங்களோ எண்டு பயந்து, துஆ கேட்டுக் கேட்டு அழுதன். அதுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க? நுளம்புத் திரிக்கு விலை போடத் தெரியும். அந்த வரி எங்க?"

ஆகிப் விசும்பி அழுதான். கொத்துரொட்டி ஆறியது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"நேரம் மூண்டு பத்து, தங்கச்சி. ஆறு மணிக்கு மூடுறாங்களாமே?"

மர்ளியா கண்ணைத் துடைத்தாள். லப்டொப்பை இழுத்து மடியில் வைத்தாள். வெளிநாட்டுக் கம்பனியின் உரையாடல் பெட்டியைத் திறந்து இரண்டே வசனம் ஆங்கிலத்தில் அடித்தாள்.

‘நாலாயிரத்து நூற்றிருபத்தெட்டு டொலரும் எதற்கு என்று பிரித்து அனுப்புங்கள். அதை அப்படியே எங்கள் விலைப் பக்கத்தில் இன்றைக்கே போடப்போகிறோம்.’

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

‘உங்களுக்காக மட்டும் விசேட விலைக் கழிவு! இரண்டாயிரம் டொலர்.’

‘பிரித்து அனுப்புங்கள்.’

‘நீங்கள் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். ஆயிரம் டொலர்.’

‘பிரித்து அனுப்புங்கள்.’

அருள்குமரன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மீன் சந்தையில் விலை பேசியவருக்கு மெய் சிலிர்த்தது. இவள் விலையே கேட்கவில்லை. ஆனாலும் விலை விழுந்துகொண்டே இருக்கிறது!

பதினோராவது நிமிடத்தில் கடைசிப் பதில் வந்தது.

‘சைட்டுக்கு மாதம் ஒரு டொலர். மொத்தம் ஐநூற்றுப் பதினாறு. தயவுசெய்து எதையும் பிரசுரிக்க வேண்டாம்.’

"கட்டுறன்," என்றாள் மர்ளியா. "பிரசுரிக்கவும் செய்வன்."

"எனக்கு ஒரு சந்தேகம்." அருள்குமரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆறு மணிக்குள்ள சல்லி வேணும், இல்லாட்டி நாப்பத்திமூணையும் முடிச்சிருவம்... இதுக்கு எங்கட சட்டத்தில ஒரு பேர் இருக்கு. நான் பிழையான ஆளைப் பிடிச்சிட்டன் போல!"

*

பின்னேரம் ஐந்தே முக்கால். ‘கண்ணாடி வெப்’ அலுவலகம்.

நாற்பத்து மூன்று வெப்சைட்டும் உயிரோடு இருந்தன. ஆகிபும் உயிரோடு இருந்தான், கீழே பார்மசி வாசலில். மேலே வர அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.

"பொய்க் கடத்தல் எண்டு ஒரு வழக்கு எழுதலாம்," என்றார் அருள்குமரன். "எழுதவா? விடவா?"

"விடுங்க சேர். வீட்டுத் தண்டனை முதல்ல முடியட்டும்."

மர்ளியா விலைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தாள். அருள்குமரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"பொடி எழுத்தை வாசிக்காமல் வாங்கிய மென்பொருள், ஒரு இலட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எண்ணூறு. கம்பனி முதலில் கேட்டது பன்னிரண்டு இலட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு. தவறு எங்களுடையது. வாடிக்கையாளருக்கு ஒரு சதமும் இல்லை..." அவர் நிமிர்ந்தார். "இதைப் பாத்தா ஊர் சிரிக்குமே தங்கச்சி?"

"சிரிக்கட்டும் சேர். சிரிச்சிட்டு எங்களுக்கிட்டத்தான் வருவாங்க."

"படகு வாடகை, ஐயாயிரம். இன்ஸ்பெக்டருக்கு பிளேன்டீ ரெண்டு, நூற்றிருபது... அடடே, அதையுமா?" அவர் கண் அடுத்த வரிக்குப் போனது. அங்கேயே நின்றது. "இதென்ன, மூண்டு வருஷமா நீங்க ஒருத்தருக்கும் எழுதாத வசனம்!"

ஜன்னலுக்குக் கீழே இருந்து ஆகிபின் குரல் கெஞ்சியது. "மர்ளியா... நான் மேல வரட்டா?"

மர்ளியா ‘பிரசுரி’ பொத்தானை அழுத்தினாள்.

கடைசி வரி திரையில் பளிச்சிட்டது.

‘கணவரை மீண்டும் வீட்டுக்குள் எடுத்தல்: விலை பேசித் தீர்மானிக்கப்படும்!’